என் கையில் இருந்த கரி

பயப்படுவது எனக்கு இன்னொரு வேலை மாதிரி. பஸ் வரத் தாமதமானால் எங்கேயோ கவிழ்ந்திருக்கும் என்று நினைப்பேன். தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தால், எடுப்பதற்குள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விபத்தை மனசு நடத்தி முடித்துவிடும். என் வீட்டுக்காரர் ஓசூர் பக்கம் கம்பி கட்டும் வேலைக்குப் போய் மாதம் ஒருதரம் வருகிறவர். "ஒரு நாளைக்காவது பயப்படாம இரு. அன்னிக்கு ஒலகம் அழியுதான்னு பாப்போம்" என்பார்.

இத்தனை பயந்தவள் ஒன்றுக்கு மட்டும் பயப்பட்டதில்லை. போலீஸ்காரர் அடிப்பார், அலையவிடுவார், கையை நீட்டுவார் என்பதெல்லாம் ஊரில் கேட்டதுதான். ஆனால் ஒரு அம்மாவைப் பற்றி அவள் பெற்ற பிள்ளையிடமே பொய் சொல்வார், அதையும் சிரித்த முகத்தோடு சொல்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதற்கும் சேர்த்துப் பயந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு பாண்டிச்சேரியில் உறுவையாற்றுப் பக்கம். சுற்றிலும் கரும்பும் நெல்லும். என் மகன் அப்போது பதினோராம் வகுப்பு. வயது பதினாறு முடிந்து சில மாதங்கள். எங்கள் தெருவை ஒட்டிக் கரும்பு போட்டிருக்கிற ஒருவருடைய மோட்டாரைக் காலையில் போட்டுவிடுவது அவன் வேலை. த்ரீ ஃபேஸ் கரண்ட் விடிந்ததும் வரும். கரும்புக்காரர் வில்லியனூரிலிருந்து வந்து சேர நேரமாகும். இவன் சைக்கிளில் போய், கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும் சாவியை எடுத்து, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, மோட்டாரை ஓடவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவான்.

ஒருநாள் காலை போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான். போர்வெல்லில் இருந்து கொட்டகைக்கு வருகிற கேபிளை யாரோ வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். உள்ளே இருக்கிற செம்புக் கம்பிக்காக எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கிற திருட்டுதான். கரும்புக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னது என் மகன். அவர் வரும்வரை திரும்பவும் கொட்டகையில் போய் நின்றதும் அவன்தான். அன்றைக்கு முதல் பீரியடும் போய்விட்டது.

அவன்தானே சொன்னான், அவனுக்குத்தானே சாவி இருக்கிற இடம் தெரியும் என்று பேச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆகவில்லை. புகார் கொடுத்தபோது கரும்புக்காரர் என் மகன் பெயரைச் சொன்னாரா, அவர்களாகவே எழுதிக்கொண்டார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவனை வழியிலேயே நிறுத்தி, "ஒரு சின்ன விசாரணை, வா" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது டீக்கடைக்காரர். நான் அப்போது நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, ஒம் புள்ளைய சிவப்புத் தொப்பி போலீசு கூட்டிக்கினு போவுது. சைக்கிளு ரோட்லயே கெடந்துது, நான் எடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.

சேற்றுக் காலோடு ஓடினேன். போகிற வழியில் எங்கள் அம்மன் கோயில். பூசாரி இல்லை, கதவு சாத்தியிருந்தது. வாசலில் இருந்த கடையில் கற்பூரம் வாங்கி, உள்ளங்கையில் வைத்து ஏற்றி, சாத்திய கதவுக்கு நேராகக் காட்டினேன். மனசு தாங்காதபோது எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்படிச் செய்வதுதான். "தாயே, எம் புள்ள மேல ஒரு அடி விழக் கூடாது" என்றேன். கற்பூரம் எரிந்து தானாக அடங்கியது. உள்ளங்கை நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கரி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கற்பூரத்தைக் கையில் ஏந்துவது வேறு, அணைப்பது வேறு. ஏந்துவது வேண்டுதல். அணைப்பது சத்தியம். ஆடு காணாமல் போனாலும் வரப்பை வெட்டிவிட்டான் என்று சண்டை வந்தாலும், கடைசியில் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, எரிகிறதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லச் சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்தது. பொய்யாக அணைத்தவர்களுக்குக் கண் போய்விடும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அணைத்த கையிலும் கரி இருக்கும், ஏந்திய கையிலும் கரி இருக்கும். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அது எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஸ்டேஷனில் மட்டும்தான் இப்படி என்று ஆகிவிடும்.

வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். உள்ளே விசாரணை நடக்கிறது, பெற்றவர்கள் இருந்தால் பிள்ளை வாய் திறக்காது, அங்கே போய் உட்கார் என்று பூவரச மரத்தடியைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். உட்காரச் சொன்னால் உட்காருகிற பழக்கம். எட்டாவதோடு நின்றவளுக்கு, சட்டை மடிப்புக் கலையாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள் என்ற நினைப்பு.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஏட்டு வெளியே வந்தார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். நல்லபடியாகத்தான் பேசினார். அதுதான் இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது.

"பயப்படாதமா. நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். புள்ளைய யாரும் தொட மாட்டாங்க. டீ சொல்லட்டுமா?"

"வேணாங்க ஐயா. எம் புள்ள அப்படிப்பட்டவன் இல்லீங்க. மோட்டார் ஓடலன்னு ஓடியாந்து சொன்னதே அவன்தாங்க."

"தெரியும், தெரியும். எல்லாம் விசாரிச்சிக்கலாம்." என் கையைப் பார்த்தார். "கையில இன்னா கரி?"

கோயிலில் கற்பூரம் ஏற்றியதைச் சொன்னேன். எந்தக் கோயில் என்று கேட்டார். அதையும் சொன்னேன். "சக்தியுள்ள அம்மன்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பிறகு எனக்கு நேராக இருந்த ஜன்னலின் ஒரு கதவு திறந்தது. உள்ளே இருட்டு. ஏட்டின் முகம் மட்டும் தெரிந்தது.

"இன்னாமா, கை சுட்டுக்கிச்சா? இப்படிக் காட்டு."

எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினேன். ஜன்னலுக்கு நேராக, நன்றாகத் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். என் கையைப் பற்றிக் கவலைப்பட ஒரு போலீஸ்காரர் இருக்கிறாரே என்று மனசுக்குள் அவரைக் கும்பிடக்கூடச் செய்தேன். "மருந்து போட்டுக்கோ" என்றார். ஜன்னல் சாத்திக்கொண்டது.

அந்த இருட்டுக்குள், அவர் முதுகுக்குப் பின்னால், என் மகன் நின்றுகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த தடவை ஏட்டு வெளியே வந்தபோது முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தமும் அவருக்கு நன்றாக வந்தது.

"புள்ள ஒத்துக்கினான்மா. நான்தான் எடுத்தேன்னு அவன் வாயாலயே சொல்ட்டான். அடிக்கல, மிரட்டல. வேணும்னா அவனையே கேளு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. சின்னப் பையன் என்பதால் ஜெயில் இல்லை, சிறுவர்களுக்கென்று போர்டு இருக்கிறது, வருகிற வாரம் அங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும். "அங்க கேட்டா ஆமான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. புத்தி சொல்லி அனுப்பிடுவாங்க. இல்ல கில்லன்னு ஆரம்பிச்சா வருசக்கணக்கா இழுக்கும். ஹோமுக்கு அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க. வக்கீலு கிக்கீலுன்னு போவாத. வக்கீலு வந்தாதான் கேஸு பெருசாவும்."

பிள்ளையை என் பொறுப்பில் விடுவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவனிடமும் ஒரு தாளில் வாங்கியிருந்தார்கள். அவன் வெளியே வந்தான். அவன் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு அவசரம். அவனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை எந்தப் போலீஸ் ரிப்போர்ட்டிலும் யாரும் எழுத மாட்டார்கள். "ஏன்டா?" என்று கேட்டேன். "எனக்காவது சொல்லுடா, எதுக்குடா எடுத்த?" என்றேன். தட்டிலிருந்து எழுந்து போய்விட்டான். அவன் இல்லாதபோது ஸ்கூல் பையைக் கொட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், ஓட்டு இடுக்கில், மாட்டுக்கொட்டகையில் எல்லாம் தேடினேன். கேபிளைத் தேடவில்லை. பிள்ளைக்கு வேறு என்னவெல்லாம் கெட்ட பழக்கம் வந்திருக்கும் என்று தேடினேன். நான் பெற்று வளர்த்த பிள்ளையை, ஒரு காக்கிச் சட்டை ஒரு வாக்கியம் சொன்னதும், எனக்குத் தெரியாத பையனாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அவனும் என்னிடம் அப்படித்தான் இருந்தான். நான் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் கீழே வைத்துவிடுவான்.

குழாயடியில் ஒருத்தி ஜாடை பேசினாள். "மோட்டாரப் போடுடான்னு சொன்னா, சிலது மோட்டாருக்கே வேட்டு வெச்சிட்டு வந்துடுது." இன்னொருத்தி சிரித்தாள். மற்ற நாளாக இருந்தால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை பார்த்திருப்பேன். அன்றைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொல்வது நிஜம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

போர்டுக்குப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே போய் இவன் "ஆமாம்" என்று சொல்வான். புத்தி சொல்லி அனுப்புவார்கள். ஊருக்குத் திரும்பி வருகிறவன் திருடனாகத் திரும்பி வருவான். எந்தக் கொட்டகைச் சாவியும் இனி அவன் கைக்கு வராது. எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். என் மனசு அதற்கு மேலும் போனது. கல்யாணம் வரைக்கும் போனது.

அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் காலையில் எழுந்தால் எனக்கு வலது கண் திறக்கவில்லை. இமை வீங்கி, ஓரத்தில் மிளகு அளவுக்குக் கட்டி. கண் கட்டிதான். நாமக்கட்டியைக் குழைத்துக்கொண்டிருந்தேன். பல் விளக்கிவிட்டு வந்தவன் என்னைப் பார்த்து அப்படியே நின்றான். கையில் இருந்த சொம்பு கீழே விழுந்தது.

"கண்ணுக்கு இன்னாம்மா?"

"கட்டிடா. சூடு. நீ போய்…"

"எத்தினி நாளா?"

"இன்னிக்குத்தான். ஏன்டா இப்படிப் பாக்குற?"

"நான்தான் ஆமான்னு சொல்ட்டேனே!" என்று கத்தினான். "ஒத்துக்கினேன்ல? கையெழுத்துகூடப் போட்டேனே. அப்புறம் ஒனக்கு ஏன் கண்ணு போவுது? நான்தான் எடுத்தேம்மா. நெஜமா நான்தான் எடுத்தேன். எந்தச் சாமிகிட்ட வேணா சொல்றேன். நீ பொய் சத்தியம் பண்ணல. ஆசுபத்திரிக்கு வா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்கடா சத்தியம் பண்ணேன்?" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துத் திருப்பினான். கரி எப்போதோ போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "நீ கோயில்ல கற்பூரம் அணைக்கல?"

அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அப்புறம்தான் வந்தது ஒவ்வொன்றாக.

அவனை உள்ளே உட்கார வைத்ததும், கூடப் படிக்கிற பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்றார்களாம். இவன் இல்லை என்றான். பழைய இரும்புக் கடைக் கேமராவில் நீ இருக்கிறாய் என்றார்களாம். இல்லை என்றான். ஸ்டார்ட்டர் பெட்டியில் உன் கைரேகை இருக்கிறது என்றார்களாம். "தெனமும் நான்தான சார் போடறேன், என்துதான இருக்கும்" என்றான். அதற்கு எல்லோரும் சிரித்தார்களாம். அந்தப் பையன் அன்றைக்கு ஸ்டேஷன் பக்கமே வரவில்லை, அந்தக் கடையில் கேமராவே இல்லை என்பதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. எதற்கும் அசையாத பிள்ளையிடம் கடைசியில் ஏட்டு வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோளில் கை வைத்தாராம்.

"ஒங்கம்மாவ நெனச்சாதான்டா பாவமா இருக்குது. கோயில்ல கற்பூரத்த அணைச்சி, எம் புள்ளதான் எடுத்தான்னு சத்தியம் பண்ணிட்டு வந்து உக்காந்துக்கினு இருக்குது. நம்பலையா? வா, கைய காட்டச் சொல்றேன்."

ஜன்னலைத் திறந்தார். நான் எழுந்து நின்று காட்டினேன்.

"இப்ப நீ இல்லன்னு சொன்னா ஒங்கம்மா பண்ணது பொய் சத்தியம். கண்ணு போனா யாருடா பாத்துப்பா? ஒங்கப்பன் ஊர்லயே இல்ல. யோசிச்சிச் சொல்லு."

என் பிள்ளை யோசித்தான். யோசித்துத் திருடன் ஆகிக்கொண்டான்.

எனக்குக் கோபம் வந்தால் அழுகைதான் வரும். அன்றைக்கு அழுகை வரவில்லை. இந்தப் பொய்யை வெளியூர்க்காரர் ஒருவரால் சொல்லியிருக்க முடியாது. கற்பூரம் அணைப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர், எங்கள் சாமிக்கு எங்கள் பிள்ளைகள் எப்படிப் பயப்படுவார்கள் என்று தெரிந்தவர், நம்ம பக்கத்துக்காரர்தான் சொல்ல முடியும். அவர் என் வேண்டுதலை எடுத்து, என் கையாலேயே என் பிள்ளை கழுத்தில் சுருக்குப் போட்டார். பிள்ளைக்கு ஒரு அடி விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அடி விழவில்லைதான்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "போலீஸ்கிட்ட மோதாத. ஆமான்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஊர்ல நாலு நாள் பேசுவான், அப்புறம் மறந்துடுவான்" என்றார். எப்போதும் நான் பயப்பட அவர் சிரிப்பார். அன்றைக்கு அவர் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. "எடுக்காதத எடுத்தேன்னு சொல்ல நான் புள்ள பெக்கல" என்று போனை வைத்துவிட்டேன்.

கண்ணில் நாமக்கட்டியோடு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். கோர்ட்டு வளாகத்தில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்று நூறு நாள் வேலையில் யாரோ எப்போதோ பேசியது நினைவில் இருந்தது. கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். ஒரு வக்கீலம்மாவைக் காட்டினார்கள். சின்ன வயது. என்னிடம் கேட்பதற்கு முன்னால் என் மகனிடம் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார்.

"ஜன்னல்ல கைய காட்டச் சொன்னாரா?" என்று மறுபடியும் ஒருதரம் கேட்டார்.

"ஆமாங்க. போலீசு பொய் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இல்லீங்களா?" என்றேன்.

"அப்படி நேரா ஒரு வரி தேடினா கெடைக்காதுங்கம்மா" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்க வேண்டும் என்று அவர் பொய் சொல்லவில்லையே, அதனால் நம்பினேன். "ஆனா போலீஸ்கிட்ட ஒத்துக்கினது கோர்ட்ல சாட்சியா நிக்காது. அது பெரியவங்களுக்கே. இவன் பதினெட்டு ஆவாத பையன். இவன விசாரிக்கத் தனியா ஒரு ஆபீசர் இருக்கணும். யூனிஃபார்ம்ல இருக்கக் கூடாது. ஒத்துக்கோன்னு கட்டாயப்படுத்தக் கூடாது. கூட்டிக்கினு போன ஒடனே ஒங்களுக்குச் சொல்லியிருக்கணும். விசாரிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கலாம். வாக்குமூலம்னு எழுதி இவன்கிட்ட கையெழுத்தே வாங்கக் கூடாது."

"வெளிய மரத்தடியில உக்காரச் சொன்னாங்களே?"

"அதான் தப்பு."

"வக்கீல் வந்தா கேஸு பெருசாவும்னாரே?"

"வக்கீல் வேணும்னு எங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதே அவங்கதான்."

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேஸு பெரிதாகும் என்று அவர் சொன்னபோது நான் தலையாட்டியிருக்கிறேன். இத்தனை உரிமைகள் இருக்கின்றன. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் பணம் என்றால் அதை மைக் கட்டிக்கொண்டு வந்து சொல்கிறார்கள். போலியோ சொட்டு மருந்துக்கு வீடு தேடி வருகிறார்கள். உன் பிள்ளையைக் கூட்டிப்போனால் நீ பக்கத்தில் உட்காரலாம் என்று ஒருநாளும் ஒருவரும் எங்கள் தெருவில் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் மரத்தடியில் உட்கார மாட்டார்கள் என்பதால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.

போர்டுக்குப் போன அன்று வராந்தாவில் அந்த ஏட்டு நின்றிருந்தார். தொப்பி இல்லை, காக்கி இல்லை. கோடு போட்ட சட்டை. அங்கே வரும்போது மட்டும் சட்டம் ஞாபகம் இருந்தது. வக்கீலம்மா உள்ளே போயிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

"நான் எப்ப ஐயா கற்பூரம் அணைச்சேன்?"

அவர் வெட்கப்படவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதெல்லாம் விசாரணையில சகஜம்மா. ஒம் புள்ள மேல ஒரு அடி வெச்சேனா? வேற ஆளுன்னா முட்டியப் பேத்திருப்பான். நான் பேச்சுலயே முடிச்சேன். அதுக்கு நீ எனக்குக் கும்புடு போடணும்."

"அடிச்சிருந்தா தழும்ப காட்டியாவது கேட்டிருப்பேன். இத எங்க போய்க் காட்டுறது?" என்றேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டு இல்லை. ஒரு நீள மேசை. நடுவில் மாஜிஸ்திரேட், இரண்டு பக்கமும் ஒரு அம்மா, ஒரு ஐயா. என்னையும் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். அந்த அம்மா என் மகனிடம் சாப்பிட்டாயா, எந்தப் பஸ்ஸில் வந்தாய் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, நீ எடுத்தியாப்பா?" என்று கேட்டார்.

அவன் உடனே சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினான். வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் அவனுக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை என்று அப்போது தெரிந்தது. கண் கட்டி உடைந்து ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். மேசைக்கு அடியில் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எடுக்கல மேடம்" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஜன்னலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

மாஜிஸ்திரேட் ஏட்டிடம் கேட்டார்: "பையன விசாரிச்சப்ப இந்தம்மா எங்க இருந்தாங்க?"

"வெளிய இருந்தாங்கய்யா."

"ஏன் வெளிய?"

எந்தக் கேள்விக்கும் தயாராக ஒரு பொய் வைத்திருந்தவருக்கு இந்தச் சின்னக் கேள்விக்கு ஒன்றும் வரவில்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால்தான் உண்மை.

அன்றைக்கே முடிந்துவிடவில்லை. வேறு ரிப்போர்ட் கேட்டு வாய்தா போட்டார்கள். இடையில் கரும்புக்காரர் ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. புதுக் கேபிள் போட்டிருந்தார். அவருக்கும் அலைச்சல் போதும் என்று ஆகியிருந்தது.

"இன்னாத்துக்குமா கோர்ட்டு, வக்கீலு? வெள்ளிக்கெழம கோயிலுக்கு வாங்க. புள்ள கற்பூரத்த அணைச்சி, நான் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் நம்பிக்கிறேன். கேஸ வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். ஊரும் வாய மூடிக்கும்."

என் மகன் உள்ளேயிருந்து வந்து நின்றான். "அணைக்கிறேம்மா. எனக்கு இன்னா பயம்?" என்றான்.

இதைவிடச் சுலபமான வழி கிடையாது. உண்மை எங்கள் பக்கம் இருந்தது. எனக்கும் சாமி மேல் நம்பிக்கை போய்விடவில்லை. ஆனால் அந்த ஜன்னல் கண் முன்னால் வந்தது. மோட்டார் ஓடவில்லை என்று ஓடி வந்து சொன்னவன் இவன். ஸ்டேஷனில் மூன்று பொய்க்கும் இல்லை என்றவன். போர்டில் எல்லோர் முன்னாலும் சொன்னவன். இன்னும் எத்தனை இடத்தில் இந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லிக் காட்ட வேண்டும்? பொய் சொன்னவரை ஒருவரும் எந்த வாசலுக்கும் கூப்பிடவில்லையே.

"எம் புள்ள அணைக்க மாட்டான்" என்றேன்.

"அப்ப ஊரு இன்னா நெனைக்கும்?"

"கற்பூரம் ஏத்துங்க, வேணாங்கல. மொதல்ல அந்த ஏட்ட வரச் சொல்லுங்க. அந்தம்மா சத்தியம் பண்ணத நான் பாத்தேன்னு அவர் அணைக்கட்டும். அதுக்கப்புறம் எம் புள்ள வருவான்."

கரும்புக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரொம்பப் பேசக் கத்துக்கினம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவர் போன பிறகு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

சில வாய்தாக்களுக்குப் பிறகு, பையன் மேல் ஒன்றும் இல்லை என்று போர்டில் முடித்துவிட்டார்கள். கேபிளை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தேடினார்களா என்றும் தெரியவில்லை. ஏட்டு இன்னும் வேலையில்தான் இருக்கிறார். வக்கீலம்மா எழுதிக் கொடுத்த புகாருக்கு, கிடைத்தது என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. டீக்கடையில், கற்பூரம் அணைக்கப் பயந்துகொண்டு வக்கீல் வைத்தார்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். காதில் விழுகிற மாதிரியே பேசுகிறார்கள். பேசட்டும். அம்மாக்களிடம் மட்டும் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன், நூறு நாள் வேலையில், குழாயடியில், என்னை ஜாடை பேசியவளிடம்கூடச் சொன்னேன்: உள்ளே பிள்ளையை வைத்துக்கொண்டு உன்னை வெளியே உட்காரச் சொன்னால் உட்காராதே.

கேஸ் முடிந்தது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதெல்லாம் யாராவது என் மகனிடம், "ஒங்கம்மா சொல்லிச்சி" என்று ஆரம்பித்தால் அவன் நம்புவதில்லை. நம்பாமல் இருந்தாலும் பரவாயில்லை, முகம் மாறிவிடுகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பச்சை மிளகாய் வாங்கி வரும்படி அவனிடம் சொல்லச் சொல்லியிருந்தேன். நடவில் நின்றிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"அம்மா, மொளகா வாங்கியாரச் சொன்னது நீதானா?"

"ஆமாண்டா. நான்தான் சொன்னேன்" என்றேன்.

"நீயேதான?"

"நானேதான்டா" என்றேன்.